சர் வில்லியம் குரூக்ஸும் ஒரு செந்நிறக் கோடும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் மெஸ், கேன்டீன் டீ, கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியது என்று எழுதலாமென்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் எங்கள் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் லண்டனில் காலமான ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதப் போகிறேன். பெயர் சர் வில்லியம் குரூக்ஸ். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரம் பாய்ச்சுவதைப் பற்றி இயற்பியல் பாடத்தில் படித்தோமே, அந்தக் குரூக்ஸ் குழாயின் சொந்தக்காரர்தான். பரீட்சைக்கு நமக்கு அது ஒரு சின்னக் கேள்வி, அவ்வளவே. ஆனால் அந்தக் குழாய்க்குள் அவர் பார்த்த ஒரு வெளிச்சத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்லாத கதை ஒன்று உண்டு. அந்தக் கதையின் ஓரத்தில் நம் கல்லூரி லேபும் நானும் வருகிறோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தையல்காரர் வீட்டுப் பிள்ளை

குரூக்ஸ் 1832ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஜோசப் குரூக்ஸ் தையல் தொழில் செய்து நல்ல நிலைக்கு வந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். ஒழுங்கான பள்ளிப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் குரூக்ஸுக்கு அமையவில்லை. 1848ல், பதினாறு வயதுவாக்கில், ராயல் காலேஜ் ஆஃப் கெமிஸ்ட்ரியில் சேர்ந்தார். அங்கே ஜெர்மனியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஹாஃப்மன் அவரைத் தட்டிக் கொட்டி ஒரு வேதியியல்காரராக ஆக்கினார். சில ஆண்டுகள் அவருக்கே உதவியாளராகவும் வேலை பார்த்தார்.

அதன்பின் ஆக்ஸ்ஃபோர்டு ராட்கிளிஃப் வானாய்வகத்தில் வானிலைப் பிரிவில் ஒரு வேலை. 1855ல் செஸ்டர் ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் கற்பிக்கும் வேலை. 1856ல் எல்லென் ஹம்ப்ரியைக் கைப்பிடித்து லண்டனுக்கே திரும்பிவிட்டார். அதற்கப்புறம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் பேராசிரியராக உட்காரவே இல்லை. வீட்டிலேயே ஆய்வகம் வைத்துக்கொண்டார். 1859ல் ‘கெமிக்கல் நியூஸ்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கும் மேலாக நடத்தினார். பத்திரிகை, ஆலோசனை வேலை, இவற்றில் வரும் காசில்தான் குடும்பமும் ஆராய்ச்சியும் ஓடின. பெரிய பதவி இல்லையே, பெரிய லேப் இல்லையே என்று புலம்பும் நம் தம்பிமார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவருடைய முதல் பெரிய அதிர்ஷ்டம் ஒரு கழிவுப் பொருளிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைப் பகுதியில் உள்ள ஒரு கந்தக அமில ஆலையில் படிந்த கசடு அவரிடம் இருந்தது. அதிலிருந்து செலினியத்தை எடுத்த பிறகு மீதியை அவர் தூக்கி எறியவில்லை. 1861ல் அந்த மீதியைச் சுடரில் காட்டி நிறமாலைமானியில் பார்த்தபோது, அதுவரை யாரும் பார்த்திராத ஒரு பச்சைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. புதிய தனிமம்! பசுந்தளிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குத் தாலியம் என்று பெயர் வைத்தார். 1863ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. வயது சுமார் முப்பது.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய கோடு தெரிந்தால் புதிய தனிமம் உண்டு: இந்தப் பாடம் அவருக்கு அந்த வயதிலேயே ஆழமாகப் பதிந்துவிட்டது. பின்னால் அவரை வழி தவறச் செய்ததும் இதே பாடம்தான்.

வெற்றிடத்துக்குள் ஒரு விளக்கு

தாலியத்தின் அணு எடையைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று காற்றில்லாத பெட்டிக்குள் தராசை வைத்து எடை போட்டார். சூடான பொருள் கொஞ்சம் எடை குறைந்தது போல் காட்டியது. வேறு யாராவது இருந்தால் தராசில் கோளாறு என்று விட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. அதைத் துரத்திப் போய் 1875 வாக்கில் ரேடியோமீட்டர் என்ற கருவியைச் செய்தார். வெயில் பட்டால் கண்ணாடிக் குமிழுக்குள் நாலு தகடுகள் கிறுகிறுவென்று சுற்றும். ஒளியே தகட்டைத் தள்ளுகிறது என்று முதலில் அவர் நினைத்தது சரியில்லை. குமிழுக்குள் மிச்சமிருக்கும் துளிக் காற்றின் வேலை அது என்று பிறகு தெளிவாயிற்று. ஆனால் அந்த வேலையில் அவர் கைக்கு வந்தது வெற்றிடம் உண்டாக்கும் வித்தை. அவருடைய உதவியாளர் கிமிங்கம் கண்ணாடி ஊதுவதில் கெட்டிக்காரர். இருவருமாகச் சேர்ந்து, அன்றைக்கு உலகில் வேறு யாருக்கும் எளிதில் கிட்டாத அளவுக்குக் காற்றை வெளியேற்றினார்கள்.

அப்படி வந்தவைதான் குரூக்ஸ் குழாய்கள். 1879ல் ஷெஃபீல்டில் பிரிட்டிஷ் அசோசியேஷன் கூட்டத்தில் அவற்றைக் காட்டி அசத்தினார். ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது (1895), ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானை நிறுவியது (1897) எல்லாம் இந்த வகைக் குழாய்களை வைத்துத்தான்.

குரூக்ஸ் அதற்குள் இன்னொரு வேலையில் இறங்கிவிட்டார். குழாய்க்குள் கேத்தோடு கதிர் போய் விழும் இடத்தில் ஏதாவது ஒரு பொடியை வைத்தால், சில பொடிகள் அழகழகான நிறத்தில் ஒளிர்ந்தன. அந்த ஒளியை நிறமாலைமானியில் பிரித்துப் பார்த்தார். பல கனிமங்களில் எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை திரும்பத் திரும்ப வந்தது. இது யாருடைய கையெழுத்து? மாதக் கணக்காகப் பிரித்துப் பிரித்துத் தேடி, இது இட்ரியத்தினுடையது என்று முடிவு கட்டினார். 1883ல் ராயல் சொசைட்டியின் பேக்கரியன் சொற்பொழிவில் அதை அறிவித்தார்.

இட்ரியம் அருமண் தனிமங்களின் கூட்டாளி. அருமண் தனிமங்கள் என்றால் ஏதோ அயல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் இருப்பவை இவைதான். சீரியம், லாந்தனம், நியோடிமியம் என்று ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். வேதியியல் குணத்தில் ஒன்றுக்கொன்று அச்சு அசல். பிரிப்பது பிராணாவஸ்தை. கரைத்து, படியவைத்து, வடிகட்டி, மறுபடி கரைத்து, இப்படி நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை செய்தால்தான் ஒன்று இன்னொன்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகும். குரூக்ஸ் அதைப் பல வருஷம் பொறுமையாகச் செய்தார்.

கோடு பெருகிய கதை

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பிரிக்கப் பிரிக்க ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு மாதிரி ஒளிர்ந்தது. ஒன்றில் மஞ்சள் தூக்கல், ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு. சமாரியத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்தால் மங்கலாக இருந்த ஒளி பளிச்சென்று ஆனது. 1885ல் சமாரியத்தையும் இட்ரியத்தையும் கலந்து பார்த்தபோது, 609 நானோமீட்டர் அருகே கூர்மையான ஒரு செந்நிறக் கோடு எழுந்தது. தனி சமாரியத்திலும் அது அப்படி வரவில்லை, தனி இட்ரியத்திலும் வரவில்லை. கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டால் காணாமல் போயிற்று. இதென்ன மாயம்? அவருக்கே புரியவில்லை. முரண்டு பிடிக்கும் கோடு என்று தனியாகக் குறித்து வைத்தார்.

தாலியம் கற்றுத் தந்த பாடம் மனதில் இருந்ததல்லவா? புதிய கோடுகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புதிய பொருள் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1886ல் பர்மிங்காம் கூட்டத்தில் தனிமங்களின் பிறப்பைப் பற்றியே ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். நாம் தனிமம் என்று சொல்வது ஒரே மாதிரியான அணுக்களின் தொகுதி இல்லை, சற்றே வேறுபட்ட துணைத் தனிமங்களின் கூட்டம் என்பது அதன் சாரம். 1898ல் மோனியம் என்று ஒரு புதிய தனிமத்தை அறிவித்தார். அடுத்த வருஷமே மகாராணி பெயரால் அதை விக்டோரியம் என்று மாற்றினார். இரண்டுமே நிற்கவில்லை.

பிரான்ஸில் லெகாக் த புவாபோத்ரான் என்றொரு வேதியியல்காரர் ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி சொல்லிவந்தார். சுத்தமான இட்ரியம் இப்படி ஒளிர்வதே இல்லை, அதில் கரைந்திருக்கும் துளியளவு வேறு பொருள்தான் ஒளிர்கிறது என்பது அவர் கட்சி. இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கட்டுரை எழுதினார்கள். இன்னொரு பிரெஞ்சுக்காரர் டெமார்சே 1901ல் யூரோப்பியத்தைப் பிரித்தெடுத்தார். குரூக்ஸின் முரண்டுக் கோடு இந்தத் தனிமத்தினுடையது என்று தெரிந்தது. 1905க்கும் 1909க்கும் இடையில் ஜார்ஜ் ஊர்பேன் மிகச் சுத்தமான பொடிகளைத் தயாரித்து, அதில் தெரிந்தே துளித்துளியாக அருமண் சேர்த்துப் பார்த்து, வழக்கை முடித்துவைத்தார். எலுமிச்சைப் பட்டை டிஸ்ப்ரோசியத்தினுடையது. விக்டோரியம் என்றது கடோலினியம். துளி சேர்த்தால் ஒளி ஏறுகிறது, அளவுக்கு மீறினால் இறங்குகிறது என்பதையும் அவரே காட்டினார்.

ஆக, பதினைந்து வருஷ உழைப்பில் குரூக்ஸ் கண்ட புதிய தனிமங்கள் அத்தனையும் கலைந்துபோயின.

வீடு மாறினால் குரல் மாறும்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கோடு ஏன் வந்தது, ஏன் மறைந்தது என்று பார்த்துவிடலாம்.

யூரோப்பியம் அயனியில் ஒளிர்வைத் தரும் எலக்ட்ரான்கள் வெளித் திண்ணையில் இல்லை, உள்ளறையில் இருக்கின்றன. வெளியே இன்னும் இரண்டு கூடுகள் சுவராக நிற்கின்றன. தெருச் சத்தம் உள்ளறைக்கு லேசாகத்தான் கேட்கும். அதனால்தான் கோடுகள் அவ்வளவு கூர்மை. ஆனாலும் கொஞ்சம் கேட்கிறது, அதுதான் விசேஷம். பக்கத்தில் எத்தனை ஆக்சிஜன் இருக்கிறது, எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கோடுகள் பிளக்கும், ஒன்று ஏறும், இன்னொன்று இறங்கும்.

நடுவில் நின்று எந்தப் பக்கம் கையை நீட்டினாலும், நேர் எதிர்ப் பக்கத்திலும் அதே தூரத்தில் அதே ஆள் நின்றால் அதை மையச் சமச்சீர் உள்ள இடம் என்கிறோம். அப்படிப்பட்ட இடத்தில் யூரோப்பியம் உட்கார்ந்தால் 590 நானோமீட்டர் அருகே உள்ள ஆரஞ்சு ஓங்கும். அந்தச் சமச்சீர் கெட்டால் 610 முதல் 620 வரையுள்ள சிவப்பு ஓங்கும். 590 கோட்டின் பலம் சூழலால் அதிகம் மாறாது என்பதால் அதை அளவுகோலாக வைத்துச் சிவப்பை ஒப்பிடலாம். 580 அருகே வரும் கோடு ஒரு வகை இடத்துக்கு ஒன்றுக்கு மேல் வராது. அங்கே இரண்டு கோடு தெரிந்தால், யூரோப்பியம் குறைந்தது இரண்டு விதமான இடங்களில் குடியிருக்கிறது என்று அர்த்தம்.

இட்ரியமும் யூரோப்பியமும் அளவில் நெருக்கம், மின்சுமையும் ஒன்றே. எனவே இட்ரியம் ஆக்ஸைடு படிகத்தில் இட்ரியம் இருக்க வேண்டிய இடத்தில் யூரோப்பியம் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் படிகத்தில் இரண்டு வகை இடங்கள் உண்டு. நாலில் மூன்று பங்கு இடங்களுக்கு மையச் சமச்சீர் கிடையாது. அங்கிருந்துதான் 611 நானோமீட்டர் சிவப்பு வருகிறது. குரூக்ஸ் 1885ல் பார்த்த அதே கோடு! எல்.இ.டி. வருவதற்கு முன் நம் வீடுகளில் எரிந்த சி.எஃப்.எல். பல்புகளின் சிவப்புப் பங்கும் இதே இட்ரியம் ஆக்ஸைடு, யூரோப்பியம் பொடிதான். 1964ல் வந்த கலர் டி.வி.யின் சிவப்பு இதன் தம்பி, இட்ரியம் வனடேட்டில் யூரோப்பியம்.

ஆக, குரூக்ஸிடம் அந்தப் பொடி இரண்டு சேதி சொன்னது. உள்ளே யார் இருக்கிறார் என்பது ஒன்று. அவர் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார் என்பது இன்னொன்று. அவர் முதல் சேதியை மட்டுமே கேட்டார். எங்கள் ஊரில் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் எல்லாக் கிணற்றுக்கும் ஊறுகிறது, ருசி மட்டும் கிணற்றுக்குக் கிணறு வேறு. ருசி மாறினால் ஆறே வேறு என்று சொல்லிவிட முடியுமா? இவர் அப்படித்தான் சொல்லிவிட்டார்.

ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. எலக்ட்ரான் என்ற ஒன்று நிறுவப்படுவதற்கு முந்தைய காலம். படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதை எக்ஸ் கதிரால் பார்க்க முடிந்ததே 1912க்குப் பிறகுதான். படிகத்தின் சூழல் அயனியின் ஆற்றல் நிலைகளைப் பிளக்கும் என்று ஹான்ஸ் பெத்தே கணக்குப் போட்டுக் காட்டியது 1929ல், குரூக்ஸ் இறந்து பத்து வருஷம் கழித்து. இன்றைக்கு யூரோப்பியத்தை வேண்டுமென்றே துளியளவு போட்டு, படிகம் சரியாக அமைந்ததா, எத்தனை வகை இடம் இருக்கிறது, ஒழுங்கு எங்கே கெட்டிருக்கிறது என்று அதன் வாயாலேயே சொல்லவைக்கிறோம். அவருக்குத் தலைவலியாக இருந்தது நமக்குக் கருவி.

கடைசிக் காலம்

தப்பு செய்கிறவர் என்று மட்டும் அவரை நினைத்துவிடாதீர்கள். 1898ல் பிரிஸ்டலில், உலகுக்குக் கோதுமைத் தட்டுப்பாடு வரும், காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்க வேதியியல்காரர்கள் வழி தேட வேண்டும் என்று எச்சரித்தவர் அவர். 1903ல் ஒரு ஒற்றை அணுவின் சிதைவைக் கண்ணால் மினுக்கென்று பார்க்கும் சின்னக் கருவியைச் செய்தார். அதற்குப் பெயர் ஸ்பிந்தாரிஸ்கோப். ஆவிகளுடன் பேசுவது பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி நண்பர்களின் கேலிக்கும் ஆளானார். 1867ல் தம்பி பிலிப் கடலடித் தந்திக் கேபிள் பதிக்கும் பணிக்குப் போன இடத்தில் மஞ்சள் காய்ச்சலில் இறந்த துக்கம் அதற்குப் பின்னால் இருந்தது. தன் கண்ணால் கண்டதை நம்பிவிடும் குணம் அவருக்குப் பலம், பலவீனம் இரண்டுமாக இருந்தது.

எண்பதை எட்டும் வயதிலும் ஓயவில்லை. கண்ணாடி உலையில் வேலை செய்பவர்களுக்குக் கண்புரை வருகிறதே என்று, கண்ணைக் கெடுக்கும் கதிர்களைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடிக்காக நூற்றுக்கணக்கான கலவைகளைச் செய்து பார்த்தார். அதில் கைகொடுத்தது சீரியம். மறுபடியும் அருமண்தான்! 1913ல் ராயல் சொசைட்டியின் தலைவரானார். அதே வருஷம் ஃபிரெடரிக் சாடி ஐசோடோப்பு என்ற பெயரைக் கொடுத்தார். ஒரே தனிமத்தின் அணுக்களுக்குள் எடை வித்தியாசம் இருக்கலாம் என்று குரூக்ஸ் 1886ல் சொன்னது, அவர் காட்டிய காரணங்கள் தப்பாக இருந்தாலும், வேறொரு வாசல் வழியாக உண்மையாகிவிட்டது. 1916ல் மனைவி எல்லென் மறைந்தார். 1919 ஏப்ரல் 4 அன்று, 86 வயதில், குரூக்ஸும் மறைந்தார்.

என் பங்கு

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன விஷயம். கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு நாங்கள் மூன்று பேர் இட்ரியம் ஆக்ஸைடு, யூரோப்பியம் பொடிதான் செய்தோம். மெட்டலர்ஜி லேப் பெரிய ஃபர்னஸ் ஒரு வாரம் வேறு வேலைக்குப் போய்விட்டதால், முதல் சாம்பிளைச் சின்ன ஃபர்னஸில் குறைந்த சூட்டில் வறுத்தோம். வெளியே ஓரிடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒளிர்வு அளந்து பார்த்தால், 611ல் கூர்மையான கோடு இல்லை. மங்கலாக, அகலமாக ஒரு மேடு. யூரோப்பியம் உப்பில் கலப்படம் என்று நாங்களே தீர்ப்பு எழுதினோம். அடுத்த வாரம் பெரிய ஃபர்னஸில் வறுத்த சாம்பிள் பாடப்புத்தகம் மாதிரி வந்தது. ரிப்போர்ட்டில் அதை மட்டும் போட்டோம். முதல் கிராஃபைப் போடவில்லை. வைவாவில் யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம், விளக்குக்கான பாஸ்பர் பொடியைச் சோதிக்கும் இடத்தில், அதே மேட்டைத் திரையில் பார்த்தேன். படிகம் இன்னும் அமையவில்லை, யூரோப்பியத்துக்கு ஒழுங்கான வீடு கிடைக்கவில்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி சூழலில் தவிக்கிறது என்று சீனியர் ஒருவர் அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். உப்பில் ஒரு கலப்படமும் இல்லை. அன்றைக்கு எங்கள் கையில் இருந்ததுதான் நல்ல கிராஃப். நாங்கள் செய்ததும் குரூக்ஸ் செய்த அதே தப்புதான். உள்ளே இருப்பவரைத்தான் சந்தேகித்தோம், வீட்டைப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. குரூக்ஸ் தனக்குப் புரியாத கோட்டை மறைக்கவில்லை. எந்தக் கலவையில் வந்தது, எதைச் சேர்த்தால் போயிற்று, எத்தனை பங்கு, எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்தார். அதனால்தான் பதினாறு வருஷம் கழித்து டெமார்சே அதை அடையாளம் காண முடிந்தது. எங்கள் கிராஃபைப் பார்த்து அடுத்த செட் பையன்கள் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் அது ரிப்போர்ட்டிலேயே இல்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் ரெக்கார்டில் ஒத்துவராத ரீடிங் வந்தால் ரப்பரைத் தேடாதீர்கள். அது வந்த சூடு, நேரம், கலவை எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை, பின்னால் வருகிற யாருக்காவது புரியும்.

எங்களுடைய அந்தப் பழைய கிராஃப் அம்மா வீட்டு பீரோவில், மார்க் ஷீட் ஃபைலுக்குள் இன்னும் இருக்கிறது. சந்திப்புக்கு வரும்போது எடுத்துவருகிறேன். துறை நூலகத்தில் எங்கள் ரிப்போர்ட் இன்னும் இருந்தால், மற்ற இரண்டு பேரையும் கூட்டிப் போய், அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டிவிட்டு, கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போடுவதாக உத்தேசம்.